பலகை ஓரத்துச் சந்தனம்

அக்டோபர் பதினான்கு, திங்கட்கிழமை. ஆயுதபூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். வழக்கம்போல் பென்னாகரத்தில் ஏரியூர்ப் பேருந்தைப் பிடித்து, கைப்பையை மடியில் வைத்தபடி ஜன்னலோரத்தில் கொஞ்சம் கண் அயர்ந்தேன். பள்ளிக்குள் நுழைந்ததும் தலைமையாசிரியர் அறையில் கையெழுத்து. பிறகு, மாணவர் வருகையைப் பதிவு செய்வதற்காகக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய எனக்குப் பாடம் நடத்துவதில் களைப்பு வருவதில்லை. பாடம் நடத்தினேன் என்று கைப்பேசிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதில்தான் வருகிறது.

அன்று பயிற்சி டீச்சருக்கு மதிப்பீட்டு வகுப்பு. பி.எட். படிப்பின் ஒரு பகுதியாக எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு வந்திருந்தவர். முப்பதைக் கடந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கணவர் சிறு வண்டியில் பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிப்போகிறவர். கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க, ஸ்மார்ட் போர்டைக் கொண்டு ஒரு பாடம் நடத்திக்காட்ட வேண்டும். அது சரியாக நடக்கவில்லை என்றால் பயிற்சியை மறு வருடம் முதலிலிருந்து செய்ய வேண்டும். "அடுத்த வருசமும்னா எங்கூட்ல விடமாட்டாங்க டீச்சர். மாமியாரு இந்த ஒரு வருசத்துக்குத்தான் புள்ளைங்கள பாத்துக்கறேன்னு ஒத்துக்கிச்சு. இதோட சரிங்க" என்று வந்த முதல் வாரமே சொல்லியிருந்தார்.

காகிதத்தில் நான் அவருடைய வழிகாட்டி ஆசிரியை. உண்மையில் அந்தப் பலகையை உயிர்ப்பித்து வீடியோ ஓட்டுவதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் முதலில் அதைத் தொடவே பயந்தார். ஷாக் அடித்துவிடுமோ என்று முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தொட்டது நினைவிருக்கிறது. பிறகு மதிய இடைவேளைகளில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் அதன் முன்னால் நின்றார். தவறாகத் தொட்டு எல்லாம் அழிந்துபோகும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். "கொழந்தைய தொடற மாதிரி தொட்டாத்தான் கேக்குதுங்க. அதட்டுனா முறைச்சுக்குது" என்பார். நான் விடைத்தாள்களிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சரி என்பேன். செப்டம்பர் முடிவதற்குள் நுரையீரல் படத்தை வரவழைத்து, அதன்மேல் நிறம் நிறமாய் எழுதி, பெரிதாக்கிச் சிறிதாக்கிக் காட்டத் தொடங்கிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை எல்லாம் கெட்டது. ஆறாம் வகுப்பு. கல்லூரியிலிருந்து வந்த சார் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். பயிற்சி டீச்சர் மூச்சுக்குழாயைக் காட்டத் தொட்டதும், பலகையின் மறுகோடியில் தானாகவே ஒரு சிவப்புக் கோடு ஓடியது. அழித்தார். இன்னொன்று ஓடியது. படம் பெரிதாயிற்று, சுருங்கிற்று, மூடிக்கொண்டது. முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், போர்டுக்குச் சாமி வந்துருச்சு டீச்சர்!" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. பயிற்சி டீச்சரும் சிரிக்கப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. கடைசியில் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் படம் வரைந்து பாடத்தை முடித்தார். நன்றாகவே நடத்தினார். ஆனால் கல்லூரி சார் தலையைச் சொறிந்தார். "பாடம் நல்லா இருந்துதும்மா. ஆனா போர்டை ஓட்டினாத்தான் நான் அதுக்கு மார்க் போட முடியும். நாளைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல எனக்கு வேலை. அதுக்கு முன்னாடி முதல் பீரியட்ல இங்க வர்றேன். அப்பவும் இப்படின்னா என் கையில ஒண்ணுமில்ல."

தலைமையாசிரியர் பலகை பொருத்திய கம்பெனிக்குப் பேசினார். ஆள் அடுத்த வாரம்தான் வருவான் என்றார்கள்.

பிள்ளைகள் போன பிறகு நாங்கள் இருவரும் பலகை முன்னால் நின்றோம். அவர் சிவப்புக் கோடு ஓடிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "டீச்சர், கோடு எங்க வேணும்னாலும் வரலீங்க. பொட்டு இருக்கற நேருக்குத்தான் வருது." பார்த்தேன். விடுமுறைக்கு முந்தின மாலை பூஜை போட்டபோது பீரோவுக்கும் மணிக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்த பயிற்சி டீச்சர், இந்தப் பலகைக்கு மட்டும் சட்டத்தின் உள்விளிம்பு நெடுகச் சந்தனத்தைக் குழைத்து வரிசையாக வைத்து, மேலே குங்குமமும் இட்டிருந்தார். அதுதான் அவருக்குப் படியளக்கப் போகிறது என்கிற பயபக்தி. ஓரத்தில் எதையும் ஒட்டாதீர்கள், அங்கிருந்துதான் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் குறுக்கே ஓடுகிறது, அதை விரல் மறைப்பதை வைத்துத்தான் பலகை தொடுகையை அறிகிறது என்று பொருத்திய ஆள் சொல்லிப்போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய்ந்த சந்தனத்தைப் பலகை விரல் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

துடைத்தால் தீர்ந்தது. ஆனால் அவர் கை போகவில்லை. பூஜையில் வைத்த பொட்டு தானாக உதிர வேண்டும், கையால் அழிக்கக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தலைமையாசிரியரைக் கேட்டோம். "நான் துடைங்கன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல" என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"டீச்சர், நீங்க வேதக்காரங்கதானே. நீங்க தொடைச்சா ஒண்ணும் ஆகாதில்லீங்க?"

"ஏம்மா, உங்க சாமி என்னை மட்டும் சும்மா விட்டுருமா?"

"உங்க சாமி பாத்துக்காதுங்களா?"

இருவரும் சிரித்துவிட்டோம். ஆனாலும் நான் துடைக்கவில்லை. வருடா வருடம் அந்தப் பூஜைக்கு நின்று, பொரியும் சுண்டலும் வாங்கித் தின்றவள் நான். கிறிஸ்தவள் என்று யாரும் என்னை வேறாகப் பார்த்ததில்லை. 'அந்த டீச்சர் பொட்டை அழிச்சுட்டாங்க' என்று நாளைக்கு ஒரு வாய் சொன்னால், அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. "நீங்க வெச்சது. நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டார். பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் வந்தோம். நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

இப்போது அதே அறையில்தான் பாடம் நடத்துகிறேன். பலகையில் எழுத எனக்கும் வந்துவிட்டது, விருப்பம்தான் வரவில்லை. புதிதாக வரும் பயிற்சி ஆசிரியைகள் முதல் நாளே அதைப் பயமில்லாமல் தொடுகிறார்கள். யாரும் அதன் முன்னால் பசியோடு நிற்பதில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும் இன்னும் நான்தான் நிற்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் காலை நான் போனபோது அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். தக்காளி வண்டியில் கணவர் இறக்கிவிட்டுப் போயிருந்தார். பலகைக்குக் கீழே பெஞ்சை இழுத்துப் போட்டு, ஈரத்துணியோடு ஏறி நின்றுகொண்டு, கைப்பேசியில் மாமியாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்கக் கேட்கத் துணியாததை அந்த நேரத்தில் கேட்டார். மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"பொழப்பு நல்லா இருக்கட்டும்னுதானே பொட்டு வெச்ச? அதுவே இடைஞ்சலுன்னா எடுத்துடு. சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். புள்ளைங்க இங்க சோறு திங்காம அழுவுதுங்க, வைய்யி போன."

பெஞ்சு ஆடியது. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு பொட்டாகத் துடைத்தார். துணி மஞ்சளாகி என் கைக்கு வந்தது. சாக்கடையில் பிழிய மனமில்லாமல், வாசலில் இருந்த செம்பருத்திச் செடியின் அடியில் பிழிந்துவிட்டு வந்தேன். அதற்குள் அவர் பலகையை உயிர்ப்பித்திருந்தார். விரலை மெதுவாக வைத்து இழுத்தார். விரல் போன இடத்தில் மட்டும் கோடு விழுந்தது.