மஜீத் காக்காவின் பச்சைப் பேனை

போன செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் ஒரு பொம்பிளை தொண்டை கிழியச் சத்தம் போட்டதாக உங்களில் யாராவது கேள்விப்பட்டிருந்தால்... அது நான்தான்.

வெட்கமில்லை. இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்.

எனக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் நாள் முழுக்க மற்றவர்களின் கடிதங்களை ரைப் அடிக்கிறேன். எழுத்துகள் நன்றாகவே தெரிகின்றன. பிறகு ஏன் கண் கிளினிக்? பக்கத்தில் இருந்த அம்மாவும் அதைத்தான் கேட்டார்.

"உங்களுக்கு எந்தக் கண் புள்ள?"

"ரெண்டும் நல்லாத்தான் கிடக்கு."

"மறுகா என்னத்துக்கு இஞ்ச வந்து குந்திக்கிட்டிருக்கிறீங்க?"

"பேனை பாக்க."

அம்மா எழும்பி அடுத்த வாங்கில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் பத்திரிகைப் பத்தியை வழமையாக வாசிப்பவர்களுக்கு என் பழைய மைப்பேனைப் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பிறக்க முந்திய காலத்துப் பேனைகளைச் சேர்க்கிறேன். எழுதுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. ஒன்றின் உடம்பு தேனுக்குள் புகை புகுந்த மாதிரி கோடு கோடாக இருக்கும். இன்னொன்று கறுப்பு ரப்பர். அது வெயில் பட்டால் பழுப்பாகும். உடம்பு கறுப்பாகவும் மூடி மட்டும் பழுப்பாகவும் இருந்தால், யாரோ அதை வருசக்கணக்காய்ச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வெயிலில் திரிந்திருக்கிறார் என்று அர்த்தம். அதைத் தேய்த்து மினுக்கக் கூடாது. மினுக்கினால் பேனை மிஞ்சும், ஆள் போய்விடுவார்.

சரி, இதையெல்லாம் நான் யாரிடம் சொல்வது?

புளியந்தீவில் எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீடு பூட்டு. அதற்கடுத்த வீடும் பூட்டு. தம்பி குடும்பம் கனடாவில். இருட்டினால் கதவைச் சாத்திக்கொண்டு பேனைகளை மேசையில் பரப்புவேன். கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் எல்லாப் பேனையும் ஒரே நிறம்! அப்படியே நல்ல வெளிச்சம் கிடைத்தாலும்... பார்க்க இரண்டு கண் போதும். "ஓம், அப்படித்தான்" என்றோ "இல்லை, உனக்குக் கண் பிழை" என்றோ சொல்ல இன்னொரு ஆள் வேண்டாமா?

எனக்கு அப்படி ஒரே ஒரு ஆள். மஜீத் காக்கா. காத்தான்குடி முஸ்லிம். அவர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

டவுனில் அவர் கடை வைத்திருந்த காலத்தில் மை வாங்கப் போய்ப் பழக்கம். அவரும் பேனை சேர்க்கிறவர். இப்போது அந்தக் கடை இல்லை. எரிந்துவிட்டது. யார் எரித்தது என்று கேட்காதீர்கள். நான் எழுதினாலும் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

கடைக்குப் பிறகு ரோட்டும் போனது. அவர்கள் பக்கமும் ஆட்கள் செத்தார்கள், எங்கள் தமிழர் பக்கமும் செத்தார்கள். அவர்கள் இங்கே வரப் பயந்தார்கள், நாங்கள் அங்கே போகப் பயந்தோம். போதாததற்குக் கல்லடிப் பாலத்தில் ஆமிக்காரன் காரணம் கேட்பான். பேனையின் கலர் பார்க்கப் போகிறேன் என்றால் விடுவானா? ஆஸ்பத்திரியில் நாள் குறித்துத் தரும் கிளினிக் துண்டு இருந்தால் விடுவான். காக்காவுக்குக் கண்ணில் வெள்ளை படரத் தொடங்கியது. துண்டு கிடைத்தது.

அப்படித்தான் அந்த வாங்கு எங்கள் இடமானது. வடக்குப் பார்த்த விறாந்தை. நேர் வெயில் விழாது. நிறம் பார்க்க டவுனில் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆளுக்கு இரண்டு பேனைதான் கொண்டுவருவோம். இரண்டு பேனை வைத்திருப்பவர் எழுதுகிறவர். பத்துப் பேனை வைத்திருந்தால் விசாரணை!

எங்களுக்குள் ஒரு தீராத சண்டை. அவரிடம் ஒரு பேனை, என்னிடம் ஒரு பேனை. ஒரே கொம்பனி, ஒரே மொடல், இரண்டுக்கும் தீட்டிய உருக்கு மூடி. இரண்டும் ஒரே நிறம் என்பதில் சண்டையில்லை. அது என்ன நிறம் என்பதில்தான் சண்டை. நான் நீலம் என்பேன்.

"பச்ச தங்கச்சி! இந்த மொடல்ல பச்ச கிடைக்கிறதே அரிது. அரிதான சாமான வெச்சிக்கிட்டு நீலம் நீலம் எண்டுறீங்க. முதல்ல நீங்க டொக்டருக்குக் கண்ணக் காட்டுங்க."

ஒருமுறை அந்த வழியால் போன நேர்ஸ் எட்டிப் பார்த்து, "இதென்ன சண்டை? மயில்கழுத்துக் கலர்தானே?" என்றாள். நானும் காக்காவும் ஒரே குரலில் பேசியது அன்று மட்டும்தான் — "அப்பிடியொரு பேனை இல்ல!"

இனிப் போன செவ்வாய்க்கு வருகிறேன். அதே நேர்ஸ் வெளியே வந்தாள்.

"காக்கா, இண்டைக்கு வாட்டில கட்டில் கிடக்கு. வியாழக்கிழமை டொக்டர் வெட்டுவார். இந்தமுறையும் ஏலாதெண்டு சொல்லாதிங்க."

"இல்ல மகள், வீட்ட ஒரு அலுவல் இரிக்கி..."

"போனமுறை மகள்ற கலியாணம். அதுக்கு முந்தி தடிமன் காய்ச்சல். கண்ண விடப்போறீங்க காக்கா. பிந்தினா மறுகா டொக்டராலயும் ஒண்டும் செய்ய ஏலா."

எனக்கு அப்போதுதான் தெரியும், மனிதர் ஒவ்வொரு முறையும் ஒப்பரேஷனைத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறார்.

"பயமா காக்கா?" என்றேன்.

"கத்திக்கு என்ன பயம்." குரலைத் தாழ்த்தினார். "கண் சுகமாகினா எனக்கு என்னத்துக்கு கிளினிக் துண்டு? துண்டு இல்லாட்டி மறுகா நான் எப்பிடி இஞ்ச வாற? மூணு மாசத்துக்கு ஒருக்கா இந்த வாங்குல வந்து இரிக்கிற... அதுதானே தங்கச்சி மிச்சம்."

நிறம் பார்க்க வருவதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் மனிதரை எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அந்த இடத்தில்தான் நான் சத்தம் போட்டேன்.

"கண்ணவிஞ்சா நீங்க வந்தென்ன, வராட்டி என்ன? பேனையக் கையில தந்து தடவிப் பாருங்க எண்டு சொல்றதா? எழும்புங்க! போய்க் கட்டில்ல படுங்க!"

முழுக்க அவரை ஏசினேன் என்று நினைக்காதீர்கள். மூன்று மைல். மூன்று மைல் வந்து ஒரு சிநேகிதரைப் பார்க்க ஒரு மனிதருக்கு நோய் தேவைப்படுகிறது. அதை யாரிடம் போய்க் கத்துவது? முன்னால் இருந்தவர் காக்கா. அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"சரி சரி, கத்தாதிங்க. ஊர் பாக்குது. எங்கட வீட்டுக்காரி கூட இப்பிடி ஏசினதில்ல." பையைத் தூக்கிக்கொண்டு நேர்ஸின் பின்னால் போனார்.

சனிக்கிழமை வாட்டுக்குப் போனேன். கட்டு அவிழ்த்திருந்தார்கள். சொல்லுமுன்பே தன் பேனையைத் தலையணைக்குக் கீழிருந்து எடுத்தார். நான் என்னுடையதை நீட்டினேன். ஜன்னல் பக்கம் பிடித்தார். ஒரு கண்ணைப் பொத்தினார். பிறகு மற்றதை. திரும்பவும் முதலாவதை.

"பச்ச... நீலம்... பச்ச..."

"என்ன காக்கா?"

"வெட்டாத கண்ணுக்குப் பச்ச. வெட்டின கண்ணுக்கு நீலம்." இரண்டு பேனையையும் மடியில் வைத்தார். "இவ்வளவு காலமும் மஞ்சக் கண்ணாடிக்குள்ளால பாத்திரிக்கேன் தங்கச்சி. நீலம்தான்."

பிறகு அந்தப் புதுக் கண்ணால் என்னைப் பார்த்தார். "அல்லாஹ்! நீங்க இவ்வளவு நரச்சுப் போனீங்களா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த நேரம் பார்த்து நேர்ஸ் வந்தாள்.

"இனி உங்கட ஊர் ஆஸ்பத்திரியிலயே மருந்து எடுக்கலாம் காக்கா. மற்றக் கண்ணில இப்பத்தான் தொடக்கம். அடுத்த வருசம் காட்டினாப் போதும்."

"இல்ல மகள், மற்றக் கண்ணும் சரியான மங்கல். ஒண்டுமே விளங்குதில்ல. எழுதுங்க, மூணு மாசத்துக்கு ஒரு துண்டு எழுதுங்க."

நேர்ஸ் என்னைப் பார்த்தாள். காக்காவும் என்னைப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் வெளியே விறாந்தையில் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஆறு கடந்து வந்த ஒரு மனிதர், சுவரைத் தடவித் தடவி நின்றுகொண்டிருந்தார். இடமில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று அவரைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

"பொய் சொல்றார். நல்லாத் தெரியுது," என்றேன்.

காக்கா பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

அடுத்த வருசம். எங்கள் ஊரில் அடுத்த வருசத்துக்கு நாள் குறிக்கிற தைரியம் நேர்ஸ்மாருக்கு மட்டும்தான் இருக்கிறது.

உண்மை பேசினால் மனசு லேசாகும் என்று சொல்கிறார்களே, அவர்கள் உண்மை பேசிவிட்டு யார் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள் என்று யாராவது விசாரித்தார்களா?

ஞாயிறு காலை நல்ல வெயில். பேனையை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். நீலம். சந்தேகமே இல்லை, சுத்தமான நீலம். நான்தான் வென்றிருக்கிறேன். மத்தியானம் வரை வென்றுகொண்டே இருந்தேன்.

டவுன் பக்கம் வருகிறவர்கள் யாராவது ஒருமுறை எட்டிப் பார்த்து, அது பச்சை என்று சொல்லிவிட்டுப் போங்களேன்.