டீ சிந்தாத வண்டி

எழுபதுகளில் பென்னலூரில், பெங்களூர் ரோட்டோரம் எங்களுக்கு ஒரு டீக்கடை இருந்தது. தலைப்பிரசவ வலி எனக்குக் கடையிலேயே எடுத்துவிட்டது. பஸ்ஸைக் காணோம். அப்போது கடையில் டீ குடிக்க உட்கார்ந்திருந்தவர்கள், மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்ற வந்த ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும்தான். வெளியே அவர்களுடைய சிவப்பு வண்டியும் நீல வண்டியும் நின்றன. இரண்டும் நாலு சிலிண்டர்; சிவப்பில் நாலும் வரிசையாக நிமிர்ந்து நின்றன, நீலத்தில் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருந்தன. கைஜாடையில் கேட்டதுமே உதவ எழுந்துவிட்டார்கள்.

எதில் ஏற்றுவது என்று என் வீட்டுக்காரர் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தார். "செவப்புதான் பெர்சா கீது," என்றார்.

"எதுலயாவது ஏத்தித் தொலைங்க," என்று நான் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

மாமியார் இரண்டையும் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, வண்டிக்கு ஒன்றாக டீ கிளாஸை சீட்டில் வைத்தார். சிவப்பில் டீ தளும்பிச் சிந்தியது. நீலத்தில், மேலே படிந்த ஆடைகூட அசையவில்லை.

"நீலத்துல ஏத்துடா."

"அது அந்தம்மா ஓட்டுறதும்மா," என்று வீட்டுக்காரர் இழுத்தார்.

"ஓட்டட்டுமே. இவ குலுங்காம போவணும், அவ்ளோதான்," என்ற மாமியார், பழைய புடவையால் என்னை அந்தம்மாவோடு சேர்த்துக் கட்டினார்.

வண்டி குலுங்கவே இல்லை. ஆனால் என் கன்னம் சாய்ந்திருந்த அந்த முதுகு, ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி வாசல் வரை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவருக்கும் என் அளவுக்குப் பயம். அப்படியும் கை தடுமாறாமல் ஓட்டினார்.

மகள் பிறந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை எனக்கு உடம்பு நடுங்கியிருக்கிறது. நடுங்குகிறதே என்று எதையும் நான் விட்டதில்லை.