அஷ்டமியில் வரச் சொன்ன கடிதம்

செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு படகுப் பயணத்துக்குத் திட்டம் போட்டவர்கள் நானும் என் நண்பன் பாயும் மட்டுமாகத்தான் இருப்போம். எங்கள் ஊரில் மலை உண்டு, கோட்டை உண்டு, வெயில் தேவைக்கு மேலேயே உண்டு. தண்ணீர் மட்டும் மழைக்காலத்தில் ஏரிக்கு வந்து சித்திரைக்குள் போய்விடும். கடலைப் பார்க்க திண்டிவனம் போய் பஸ் மாறவேண்டும். அப்படிப்பட்ட ஊரில், எண்பதுகளின் நடுவில், இரண்டு பேர் எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, மரக்காணத்து உப்பங்கழியிலிருந்து ஆலம்பரைக் கோட்டைவரை படகில் போய் மூன்று நாளில் திரும்புவது என்று முடிவு செய்தோம். அதில் ஒருவன் செய்த காரியம் மற்றவனுக்கு இன்றுவரை தெரியாது. செய்தவன் நான்.

பாய் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஊரே அவனை பாய் என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன். நேரில் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கடைத்தெருவுக்குப் பின்னால் அவனுக்கு மரப்பட்டறை இருந்தது. செஞ்சியில் பாதி வீட்டுக் கதவு அவனோ அவன் நைனாவோ செய்தது. நான் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் நிலப்படம் வரைகிறவன். உப்பளங்களை அளப்பதற்காக என்னை மூன்று மாதம் மரக்காணத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அப்போதுதான் ஆலம்பரையைப் பார்த்தேன். இடிந்த கோட்டை, அதன் காலடியிலேயே தண்ணீர். ஊருக்குத் திரும்பியதும் பாயிடம் அளந்துவிட்டேன்.

"கோட்டை பக்கத்துலயே தண்ணியா?" என்றான்.

"ஆமா. பஸ்ஸுல போனா ஒரே நாள்ல பாத்துட்டு வந்துடலாம்."

"கோட்டைக்கு நடந்து போறது நமக்கு இன்னா புதுசா? தண்ணியில போயி எறங்கணும் மச்சான். படகு நான் செய்றேன்."

கடலை இரண்டு தடவைக்கு மேல் பார்த்திராதவன், நீந்தத் தெரியாதவன், படகு செய்கிறேன் என்றான். அவனை ஏற்றிவிட்டது நான்தான்.

அந்த எட்டு மாதமும் மாலையில் ஆபீஸ் விட்டதும் பட்டறைக்குப் போய்விடுவேன். ஆபீஸ் படத்திலிருந்து கால்வாயையும் கழியையும் துணித்தாளில் நகல் எடுத்து, தண்ணீர் இருக்கும் இடத்துக்கெல்லாம் நீல மசி பூசி வைத்திருந்தேன். அந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரே கர்வம். முதல் நாள் இங்கே இறங்குவது, இரண்டாம் நாள் முகத்துவாரத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பது, இங்கே சமையல் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போவேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எனக்கு மட்டும் யாரும் சொல்லாத பழமொழியா? ஸ்டவ்வா விறகா என்று பத்து நாள் சண்டை போட்டோம். குடிதண்ணீருக்கு எத்தனை கேன், அரிசி எவ்வளவு, லாரி டியூபில் காற்றடித்து எடுத்துப்போவதா என்று எல்லாவற்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் இருந்தது. கடலில் தண்ணீர் எந்த நேரத்தில் ஏறும், எந்த நேரத்தில் இறங்கும் என்பதற்கு மட்டும் பக்கம் இல்லை. ஏரித் தண்ணீர் இறங்க நாலு மாதம் ஆகும். அதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றவே இல்லை.

படகு வளர வளரக் கடைத்தெருவுக்குக் கொண்டாட்டம். "பாய், கப்பல் எப்போ மெக்காவுக்குக் கெளம்புது? ரெண்டு சீட்டு போட்டு வை," என்பார்கள். மாம்பலகை அடி, வாகைச் சட்டம், இடுக்கெல்லாம் பஞ்சும் தாரும் அடைத்துப் பன்னிரண்டு அடி நீளத்தில் செய்திருந்தான். கேலி பொறுக்காமல் ஒரு நாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்: "என் படகுல ஒரு சொட்டு தண்ணி ஏறினா, நான் செஞ்ச கதவையெல்லாம் கழட்டி எடுத்துட்டு வாங்கய்யா." அன்றிலிருந்து அது விளையாட்டு இல்லை. அவன் கைவேலையின் மேல் ஊர் வைத்திருந்த நம்பிக்கை முழுவதையும் அந்தப் படகில் ஏற்றிவிட்டான். ஏரியில் மூன்று நாள் மிதக்கவிட்டுப் பார்த்தோம். உள்ளே துடைத்த துணி காய்ந்தே இருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

இனி நாள் குறிக்கவேண்டும். என் மனைவியைச் சம்மதிக்க வைக்க இரண்டு வாரம் ஆனது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசியில் சொன்னாள்: "போறதுதான் போறீங்க, நெறஞ்ச அமாவாசையில கெளம்புங்க. பொங்கல் போயி வர்ற அமாவாசை இருக்குது. அதை விட்டா நான் அனுப்பமாட்டேன்." எங்கள் பக்கத்தில் அமாவாசை நல்ல நாள். கடைக்குப் பூசை போடுவது, வண்டி எடுப்பது, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவது எல்லாம் அன்றைக்குத்தான். பாயிடம் சொன்னேன். "உனக்கு நல்ல நாள்னா எனக்கும் நல்ல நாளு," என்றான். நான் லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன்.

கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்பு ஆபீஸ் முகவரிக்கு ஒரு கார்டு வந்தது. மரக்காணத்தில் எனக்கு அளவுச் சங்கிலி பிடித்த மீனவர் ஒருவர் இருந்தார். வழிகாட்ட அவர் எங்களோடு வருவதாக ஏற்பாடு. நாள் குறித்து நான் எழுதியதற்கு யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியிருந்தார். "அமாவாசைக்கு வரவேண்டாம் ஐயா. முன்னே இரண்டு நாள் பின்னே இரண்டு நாள் வத்தம் பலமாக இருக்கும். காலையில் நிறைந்து நிற்கிற தண்ணீர் மத்தியானத்துக்குள் இறங்கி முகத்துவாரத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடும். புதுப் படகு, புது ஆள், தாங்காது. அஷ்டமி நவமியில் வாருங்கள். அப்போது தண்ணீர் அடங்கி இருக்கும். நானும் வருகிறேன்."

படித்துவிட்டுச் சிரித்தேன். அஷ்டமி நவமியில் தொட்டது துலங்காது என்று எங்கள் ஊரில் ஆட்டுக்குட்டிகூட வாங்கமாட்டார்கள். அந்த நாளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற காரியத்தைத் தொடங்கு என்கிறாரே, கடற்கரைக்காரர்களுக்கு என்ன மூடநம்பிக்கையோ என்று நினைத்தேன். பஞ்சாங்கத்தைப் பார்த்து லீவு போட்ட நான் அப்படி நினைத்தேன்.

ஆனால் சிரிப்பு மட்டும் காரணமாக இருந்தால் கார்டைப் பாயிடம் காட்டியிருப்பேனே. காட்டினால் அவன் உடனே, "அஷ்டமியிலயே போலாம் மச்சான், எனக்கு இன்னா?" என்பான். அவனுக்கு எல்லா நாளும் ஒரே நாள்தான். பிறகு நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அஷ்டமி என்று சொல்லவேண்டும். லீவை மாற்றவேண்டும். என் நீலப் படத்தை விட ஒரு சங்கிலிக்காரருக்கு அதிகம் தெரியும் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். இந்த மூன்றில் எது எனக்கு அதிகம் கசந்தது என்று இப்போது யோசித்தால் கடைசியது என்றுதான் தோன்றுகிறது. கார்டை நாலாகக் கிழித்து பஸ் ஸ்டாண்ட் குப்பையில் போட்டேன். அன்று மாலை பாயிடம், "அவரு சொந்தக்காரங்க ஊருக்குப் போறாராம். நாமளே போயிக்க வேண்டியதுதான்," என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு வரிதான் தேவைப்பட்டது.

உப்பு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில் படகை ஏற்றிக்கொண்டு முதல் நாளே போய்ச் சேர்ந்தோம். அந்த மீனவரின் குப்பம் இருந்த பக்கம் தலைவைத்துப் படுக்காமல், உப்பளங்களைத் தாண்டி வடக்கே கழி ஓரத்தில் இறக்கச் சொன்னேன்.

அமாவாசை காலையில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு வந்த திமிரைச் சொல்லி முடியாது. பார்த்தாயா நல்ல நாளை என்று மனசுக்குள் அந்த மீனவரிடம் சொல்லிக்கொண்டேன். பாய் துடுப்புப் போட்டுக்கொண்டே அடிக்கடி குனிந்து அடிப்பலகையைத் தடவிப் பார்த்தான். சொட்டுத் தண்ணீர் இல்லை. "ஊருக்குப் போயி சொல்லணும் மச்சான்," என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. பத்தரை மணிக்கு ஆலம்பரைக்கு வந்துவிட்டோம். நான் சொன்னபடி, விழுந்து கிடந்த கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் படகை நிறுத்தி, முன்னாலும் பின்னாலும் கல்லில் கட்டினோம். கன்றுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி கயிற்றை இழுத்துக் குறுக்கிக் கட்டியது நான்.

சோறு பொங்கிச் சாப்பிட்டு, கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பினோம். படகு ஒரு பக்கம் கயிற்றில் தொங்கி, மறுபக்கம் கல்லின் மேல் சாய்ந்து கிடந்தது. காலையில் தண்ணீர் நின்ற சுவரில் என் இடுப்புயரத்துக்கு ஈரம். தள்ளி நடுக்கழியில் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா மச்சான், தண்ணி எங்க போச்சு?" என்றான் பாய்.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. கார்டில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் நினைவுக்கு வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அங்கேயே உட்கார்ந்து மறுபடி தண்ணீர் ஏறும்வரை காத்திருந்தால்கூடப் போதும். "காத்துல ஒதுங்கியிருக்கும், இழு," என்றேன். பயத்தில் எனக்கு அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது. இருவருமாகக் கல்லின் மேல் படகைத் தேய்த்து இழுத்து நடுக்கழிக்குக் கொண்டுபோய் ஏறினோம்.

நூறு அடி போவதற்குள் பாயின் கால் நனைந்தது. அடிப்பலகை ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. துடுப்பு எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. தண்ணீர் படகை முகத்துவாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. பாய் தன் சட்டையைக் கழற்றிப் பிளவில் திணித்து, அதன் மேல் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டான். நீந்தத் தெரியாதவன், தப்பிக்கிற வழியைப் பார்க்காமல் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மார்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்த நாலு பெண்கள்தான் ஓடிவந்தார்கள். நாங்கள் குதித்தோம், கைகோத்துக் கரைக்கு இழுத்துப்போட்டார்கள். படகு முகத்துவாரத்தைத் தாண்டி அலையில் கவிழ்ந்து உடைந்ததைக் கரையில் நின்றபடி பார்த்தோம்.

பாய் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பெண்களில் மூத்தவள் என்னிடம் வந்து, "அமாவாசை வத்தத்துல எறங்குறியே, ஒனக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றேன்.

வீட்டில் ஆளுக்கொரு நாள் படுத்துக் கிடந்தோம். பிறகு ஊர் விஷயத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. ஒருவர் நிஜமாகவே ஜன்னல் கதவு ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் சாய்த்து வைத்துவிட்டுச் சிரித்தார். பாய் அதைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான். நானும் அப்போது அங்கே இருந்தேன். எல்லாரும் சிரித்தபோது நானும் கொஞ்சம் சிரித்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்த வார வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து பாய் நேராக என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் மனைவி காப்பியோடு வந்தாள். அவளைப் பார்த்துத்தான் பேசினான்.

"பலகையில ஒரு எடத்துல ரேகை ஓடியிருந்துச்சு தங்கச்சி. நான் பாத்தேன். ஒண்ணும் ஆவாதுன்னு வுட்டுட்டேன். வெயில்ல காஞ்சி பொளந்துடுச்சு. என் அவசரத்துல உன் புருசன் உயிரே போயிருக்கும். அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அப்படி ஒரு ரேகையே இல்லை. எட்டு மாதம் அந்தப் பலகைகளைப் பார்த்தவன் நான். தேடித் தேடித் தன் மேலேயே ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"வுடுங்க அண்ணே. நல்ல நாளா பாத்து கெளம்பினதாலதான் உயிரோட வந்தீங்க," என்றாள் என் மனைவி.

அவன் என் பக்கம் திரும்பினான். "மன்னிச்சிடு மச்சான்," என்றான்.

கிழித்துப் போட்ட கார்டைப் பற்றி நாலு வார்த்தை சொன்னால் போதும், அவன் நிமிர்ந்து நடந்து கடைத்தெருவுக்குப் போயிருப்பான். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"பரவால்ல, வுடு மச்சான்," என்று அவனை நான் மன்னித்தேன்.