மூன்று கண் டிவியும் ஒரு துண்டு ஆட்டுத்தோலும்

மிக்ஸிக்குப் பழைய மோட்டார் கிடைக்குமா என்று போன மாதம் ஆம்பூர் காயலான் கடைக்குப் போயிருந்தேன். அங்கே பீரோ அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி மல்லாந்து கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்ததும் குமட்டியது. கெட்டுப்போன சர்க்கரைப்பாகும் பூஞ்சையும் கலந்த வாடை. தோல் பதனிடும் ஷெட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். பச்சைத்தோல் லாரிக்குப் பின்னால் சைக்கிள் மிதித்துக்கொண்டே பன் தின்றவன். என் மூக்கு லேசில் அசையாது. ஆனால் இந்த வாடைக்கு மட்டும் இன்றும் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

அது ஒரு புரொஜெக்ஷன் டிவி. நீங்கள் மறந்திருப்பீர்கள். அதில் இரண்டு ஜாதி. ஒன்று முன்னாலிருந்து அடிப்பது: கூரையில் மெஷின், எதிரே திரை, ஜன்னலெல்லாம் மூடியிருக்க வேண்டும். இன்னொன்று பின்னாலிருந்து அடிப்பது, எல்லாமே பெட்டிக்குள். அடியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்னப் படக்குழாய்கள். மூன்று படமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாவிட்டால் கதாநாயகிக்கு மூன்று மூக்கு வந்துவிடும். குழாய்ச் சூடு தணிய லென்ஸுக்கு அடியில் ஒரு திரவம் உண்டு. அது கெட்டுப் பாசி கட்டினால்தான் நான் சொன்ன வாடை. பின்னால் வந்தவற்றில் குழாய்க்குப் பதில் ஒரே பல்பு. அந்த பல்பு போனால் டிவிக்குக் கருமாதிதான்.

குழாய்களின் மூன்று வெளிச்சமும் மேலே போய், சாய்த்து வைத்த ஒரு பெரிய கண்ணாடியில் பட்டுத் திரும்பித் திரைக்கு வரும். நம் வீட்டுக் கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம். இதற்கு முன்பக்கம். கை பட்டாலே போச்சு.

"காத்து மட்டும் அடி. துணி கிணி வச்சி தொடைச்சே, கண்ணாடி காலி," என்று நான் வேலை பார்த்த டிவி சர்வீஸ் கடை முதலாளி மூன்று முறை சொல்லியிருந்தார். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு வேறு.

ஒரு ஷூ கம்பெனி மேனேஜர் வீட்டில் படம் மங்கல் என்று போனேன். அந்த வீட்டில் வேலை செய்த மேரியக்கா எனக்கு டார்ச் பிடித்தார். ஷூ கம்பெனியில் பசை ஒட்டி ஒட்டி மூச்சிழுப்பு வந்து வேலையிலிருந்து நின்றுபோனவர். இந்த வீட்டு வேலைதான் அவருக்குச் சோறு. பின்மூடியைக் கழற்றினேன். செத்த பல்லி, கரப்பான் புழுக்கை, கண்ணாடி முழுக்கத் தூசி.

"இன்னா தம்பி இது, உள்ள இவ்ளோ அசிங்கமா இருக்குது," என்றார் அக்கா.

ஆம்பூர்க்காரன் சட்டைப்பையில் பதமாக்கிய ஆட்டுத்தோல் துண்டு ஒன்று இருக்கும். மூக்குக்கண்ணாடி, பைக் டேங்க், சாமி படம், எல்லாவற்றையும் அதில்தான் துடைப்போம். பூவை விட மிருது என்று எங்களுக்குப் பெருமை. அதை எடுத்து அழுத்தித் துடைத்தேன். தூசியோடு ரசமும் பட்டை பட்டையாக உரிந்து வந்தது.

டிவியைப் போட்டபோது திரை முழுக்கக் கோடு. மேனேஜர் வந்து நின்று, "யார்ப்பா கை வச்சது?" என்றார்.

"பின்மூடி ஏற்கனவே லூசா இருந்துது சார். வீட்ல யாரோ ஈரத்துணி போட்டு தொடைச்சிருக்காங்க," என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை. அதை நினைத்தால்தான் இன்று எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

மேனேஜர் மேரியக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். நான் ஸ்குரூவை முடுக்குவதுபோல் குனிந்தே இருந்தேன். கடை முதலாளி நான் சொன்னதை நம்பி, வாடிக்கை போய்விடக் கூடாதென்று தன் செலவிலேயே வேறு கண்ணாடி வரவழைத்துப் போட்டார். நான் அந்தக் கடையில் ஆறு வருஷம் நல்ல பெயரோடு இருந்தேன்.

காயலான் கடைப் பெட்டியில் கண்ணாடியை யாரோ ஏற்கனவே உடைத்து எடுத்திருந்தார்கள். இப்போது டிவி சுவரில் காலண்டர் மாதிரித் தொங்குகிறது. குழாயும் கிடையாது, ரசமும் கிடையாது; டார்ச் பிடிக்க ஆளும் தேவையில்லை. எங்கள் சர்வீஸ் கடையும் போய் இன்று அங்கே செல்போன் விற்கிறார்கள். மேரியக்கா ஒடுகத்தூர்ப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போனதாகக் கேள்வி. ஒரு பஸ் தூரம்தான். நான் போகவில்லை.

அன்று கிளம்பும்போது அவர் டார்ச்சை அணைத்து என் பையில் வைத்தார். கோபமே இல்லாமல் சொன்னார்:

"வெளிச்சம் புட்சது நான்தானே தம்பி. நல்லாத்தான் பாத்தேன்."