எதற்குப் பின்னால்? கிராஞ்சியில் ஒரு டிரான்ஸ்ஆக்சில் வாங்கிய பயணம்

இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியவர் என் வீட்டுக்காரர். போன ஆடியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கோயம்புத்தூர் பட்டறையில் அவரும் மகள் பிரியாவும் செய்துகொண்டிருந்த கார் பாதியில் நிற்கிறது. பழைய பந்தயக் கார் ஒன்றின் நகல் அது. ரோட்டுக்கு அல்ல, பந்தயத் தடத்தில் ஓட்டத்தான். அடிச்சட்டமும் எஞ்சினும் தயார். டிரான்ஸ்ஆக்சில் மட்டும் இல்லை. கியர் பெட்டியும், சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருந்தால் அதற்கு இந்தப் பெயர். எஞ்சினை நடுவில் வைக்கும் காருக்கு அது இல்லாமல் முடியாது.

சிங்கப்பூரில் நல்ல நிலையில் இருக்கும் கார்களைக்கூட வயதாகிவிட்டது என்று பிரித்து விற்பார்கள். பிரியா அங்கே வடக்கே கிராஞ்சியில் ஒரு கடையில் பேசி வைத்திருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்பதால் தைக் கடைசியில் நான் கிளம்பினேன். எடுத்தால் எடுத்ததுதான், திருப்பி அனுப்ப வழியில்லை.

தமிழ்க் கடைகள் நிறைந்த ஃபேரர் பார்க்கில் அறை எடுத்தேன். இங்கிலீஷ் தெரியாமல் தனியாகப் போகலாமா என்று யோசிப்பவர்கள் தாராளமாகப் போகலாம். சாப்பாடு, பூ, போன் கார்டு எல்லாம் தமிழிலேயே கிடைக்கும். காலை இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு ரயில் ஏறினேன். இரண்டாவது நிறுத்தமான தோபி காட்டில் வடக்கே போகும் சிவப்புப் பாதைக்கு மாற வேண்டும். தோ பாயோ தாண்டி ரயில் மேலே ஏறியதும் அடுக்கு வீடுகளில் கம்புகளில் காயும் துணிகள் தெரியும். கிராஞ்சிக்கு ஒரு மணி நேரம் ஆனது. டிக்கெட் இரண்டு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல்; சிங்கப்பூர் டாலரை அங்கே வெள்ளி என்கிறார்கள்.

அங்கிருந்து டாக்சி. ஓட்டியவர் தமிழர். நான் கடை முகவரியைக் காட்டியதும், "எல்லாரும் தங்கம் வாங்க வருவாங்க. நீங்க என்னக்கா, இரும்புக் கடைக்குப் போறீங்க?" என்றார்.

"கியர் பெட்டி வாங்கணுங்க."

"கைல தூக்கிட்டா போவீங்க?"

"கப்பல்ல போகுதுங்க. நாந்தான் பிளேன்ல."

கடைக்காரர் சிவாவுக்கு என் வயது இருக்கும். எந்த மாதிரி வண்டி என்று கேட்டார். "எஞ்சின் பின்னால இருக்குறதுங்க," என்றேன். அவர் உள்ளே போய், ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றிலிருந்து கழற்றியதைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். பளபளவென்று இருந்தது. எனக்கும் பிடித்துவிட்டது. பணம் கொடுக்கும் முன் பிரியாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"அம்மா, இது நமக்குள்ளது இல்லையே. நீங்க என்ன சொல்லிக் கேட்டீங்க?"

"எஞ்சின் பின்னாலன்னு சொன்னேன்."

"எதுக்குப் பின்னால?"

"சீட்டுக்குப் பின்னாலதான?"

சிவா தலையில் கை வைத்துச் சிரித்தார். "நான் பின் சக்கரத்துக்கும் பின்னாலன்னு நெனச்சேன். உங்க வண்டில எஞ்சின் பின் சக்கரத்துக்கு முன்னால. இத அப்படியே திருப்பி மாட்டினா அஞ்சு கியரும் ரிவர்ஸ்ல ஓடும். முன்னால போகணும்னா ரிவர்ஸ் போடணும்."

உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தை மறுபக்கம் மாற்றினால் சரியாகும், ஆனால் முழுசாகப் பிரிக்க வேண்டும் என்றார். இன்னொன்றையும் காட்டினார். முன் சக்கரம் இழுக்கும் சாதாரண ஜெர்மன் காருடையது. அதில் எஞ்சின் நீளவாக்கில், சக்கரத்துக்கு முன்னால் இருக்கும். எங்கள் வண்டிக்கும் அதே வரிசை. கியர் கம்பியும், எஞ்சினோடு இணைக்கும் தட்டும் மட்டும் புதிதாகச் செய்ய வேண்டும். ஆனால் பார்க்க அழுக்கு மூட்டை மாதிரி இருந்தது. எங்கள் எஞ்சினின் பலத்தை இரண்டுமே தாங்கும் என்றாள் பிரியா.

"அப்பா இருந்தா எத எடுப்பாரு?" என்று கேட்டேன்.

"மொதல்லதத்தான். பிரிக்கிற வேலையப் பின்னால பாத்துக்கலாம்னு சொல்லியிருப்பாரு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கதவு, முன் கண்ணாடி, விளக்கு என்று அவர் பின்னால் பார்த்துக்கொள்ள வைத்ததெல்லாம் பட்டறை மூலையில் கிடக்கின்றன.

"ரெண்டாவதே போதும் கண்ணு. இனி பின்னால பாக்குறவங்க நாமதான்."

சிவா கியரைப் போட்டு, எஞ்சின் பக்கத்துத் தண்டை என் கையாலேயே சுற்ற வைத்தார். சத்தமில்லாமல் சுற்றியது. எண்ணெயை வடித்துக் காட்டினார், இரும்புத்தூள் இல்லை. விலை ஆயிரத்து இருநூறு வெள்ளி.

மாலை ஃபேரர் பார்க்கில் தேத்தண்ணி குடிக்கும்போது, வாங்கிவிட்டேன் என்று வீட்டுக்காரருக்குச் சொல்ல என் கை தானாகப் போனை எடுத்துவிட்டது. பிரியாவையே மறுபடி கூப்பிட்டேன். அவள் அந்த இணைப்புத் தட்டுக்கு அளவு போட ஆரம்பித்திருந்தாள்.

போகிறவர்கள் பழைய பாகத்தை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டுமா என்று ஊரிலேயே சுங்க ஏஜென்ட்டிடம் கேட்டு முடித்துவிடுங்கள். கையுறை கொண்டுபோங்கள். எண்ணெயை வடிக்காமல் வாங்காதீர்கள். கடையில் எஞ்சின் பின்னால் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சீட்டுக்குப் பின்னால், பின் சக்கரத்துக்கு முன்னால் என்று முழுசாகச் சொல்லுங்கள்.