மருந்து குடிச்சியா?

ஜெர்மனியில் எங்கள் கன்னியர் மடத்தில் தினமும் காலையில் ஒரு சின்னக் கூத்து நடக்கும். மாத்திரைத் தட்டோடு சிஸ்டர் ஹில்டாவின் அறைக்குள் போவேன். நான் நர்ஸ், போடிக்காரி. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஜெர்மன் கிழவி. "மருந்து குடிச்சியா?" என்று தமிழில் கேட்பேன். "நான் எதுக்கு மருந்து குடிக்கணும்?" என்று அவரும் தமிழிலேயே சீறுவார். பிறகு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரிப்போம். வராந்தாவில் போகும் மற்ற சிஸ்டர்கள் இதை ஏதோ இந்தியச் செபம் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு போவார்கள். ஒருவர் 'ஆமென்' என்றே சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. அங்கே சொல்லப்படும் பல செபங்களுக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை.

போடியில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி ஏன் சிரிப்பு என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் போடிமெட்டுக்கு அப்பால் ஏலக்காட்டுக்கு நடுவே எங்கள் சபை ஒரு சிறிய ஆஸ்பத்திரி நடத்தியது. ஓட்டுக்கூரை, இரண்டு கட்டில், ஹில்டா, நான். ஹில்டா மதுரையில் ஒரு பண்டிதரிடம் தமிழ் படித்துவிட்டு வந்தவர். ஒருநாள் பேச்சியம்மா என்ற தோட்டத்துக்காரி கண் சிவந்து, வாந்தியெடுத்துக்கொண்டு வந்து விழுந்தாள். முந்தின நாள் நான் கொடுத்த மாத்திரையை விழுங்கினாளா என்று தெரிந்துகொள்ள ஹில்டா அன்பாகக் கேட்டார்: "மருந்து குடிச்சியா?" அவ்வளவு வாந்திக்கு நடுவிலும் பேச்சியம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "என்ன சிஸ்டரம்மா இப்பிடிக் கேட்டுப்புட்டீக? நான் எதுக்கு மருந்து குடிக்கணும்? எம்புருசன் என்ன, வேற எவளையுமா கூட்டியாந்து வச்சிருக்கான்?"

எங்கள் பக்கம் மருந்து குடித்தாள் என்றால் சாகத் துணிந்தாள் என்று அர்த்தம். செடிக்குப் பூச்சி விழுந்தால் அடிப்பதும் மருந்துதான், காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்துதான். பேச்சியம்மா குடிக்கவில்லை. ஓடைத் தண்ணீர் சுமந்து வந்து, அடிக்கிற மருந்தைக் கையாலேயே கலக்கிக் கொடுப்பது அவள் சோலி. காலியான டின்னைக் கழுவி லயன் வீட்டில் குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். நாங்கள் பார்க்கப் போனபோது ஹில்டா அந்த டின்னில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஜெர்மனியில் எங்கள் தாய்மடத்துக்கு, இப்போது நான் இருக்கும் இதே மடத்துக்கு, அடுத்த ஊரில் செய்தது. "நம்ம மடத்துக் கோயிலுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவங்க," என்றார். அதற்குப் பிறகு பேச்சியம்மாவுக்குக் கைநடுக்கம் வந்து, காய் பறிக்க முடியாமல் போனது. அவள் கஞ்சிக்கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

பிறகு ஹில்டாவுக்கு வயதாகி ஊர் திரும்பினார். புதிதாகப் பெண்கள் சேராமல் ஜெர்மன் மடம் முதியோர் இல்லம் போல் ஆகிவிட்டதால், பார்த்துக்கொள்ள என்னையும் வரவழைத்தார்கள். போன வருஷம் எங்கள் சபையின் பெரிய கூட்டம் நடந்தது. தலைப்பு, 'இன்றைய உலகின் சவால்களுக்கு நம் மறுமொழி.' மறுமொழி எப்படி என்றால், நடுவில் ஒரு உலக உருண்டை, சுற்றிலும் மெழுகுவர்த்தி, கலர்க் காகிதத்தில் ஆளுக்கொரு கவலை. வறுமை மஞ்சள், போர் சிவப்பு. ரிப்பனைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஒரு நடனம். நடுவில் காப்பியும் ஏலக்காய் போட்ட பிஸ்கட்டும். கடைசி நாள்தான் விஷயத்துக்கு வந்தார்கள். ஆள் போதவில்லை, ஆகவே மூட வேண்டிய இடங்களில் எங்கள் மலை ஆஸ்பத்திரியும் ஒன்று. மூடினால் பேச்சியம்மா மாதிரி ஆட்களை ஜீப்பில் போட்டு, வளைவு வளைவாகக் குலுக்கிப் போடிக்கு இறக்க வேண்டும். உயிரோடு போய்ச் சேர்ந்தால் பாக்கியம்.

எழுந்து நின்றேன். என் ஜெர்மன் நொண்டி ஜெர்மன். "நம் பக்கத்து ஊர் ஆலையில் இருந்து எங்கள் மலைக்கு லோடு லோடாக மருந்து வருகிறது," என்று சொன்னேன். மருந்துக்கு எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொல் 'மெடிட்சின்'. கூட்டம் கைதட்டியது! ஆலைக்காரர்களுக்கு எவ்வளவு தயாள மனசு என்று சபைத் தலைவியான மதர் நெகிழ்ந்துபோனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சரியான சொல்லைத் தேடிப்பிடித்து, "கிஃப்ட்! கிஃப்ட்!" என்று கத்தினேன். அவர்கள் பாஷையில் அதற்கு விஷம் என்று பொருள். கைதட்டல் நின்றுவிட்டது. ஜெர்மன் தெரியாத அயர்லாந்து சிஸ்டர் ஒருவர் மட்டும், ஏதோ அன்பளிப்பு என்று புரிந்துகொண்டு தனியாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். அப்போது பின்வரிசையில் இருந்து ஹில்டா பேச்சியம்மாவின் கதையை, டின்னோடும் கைநடுக்கத்தோடும் சேர்த்துச் சொன்னார். மதர் கையில் இருந்த பிஸ்கட்டை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

ஆஸ்பத்திரி மூடப்படவில்லை. கேரளத்துச் சிஸ்டர் ஒருவரை அனுப்பினார்கள். நான் போகிறேன் என்று கையைத் தூக்கினேன். "நீ போனால் இங்கே இத்தனை பேருக்கு மாத்திரை யார் கொடுப்பது?" என்றார் மதர். ஐரோப்பாவின் சவாலுக்கு மறுமொழி நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது, அழுதேன். ஆலையைப் பற்றிக் கேட்டதற்கு, "கூரையைப் பிரித்துத் திருப்பிக் கொடுக்கவா முடியும்?" என்றார். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் ஹில்டாவை ஆலை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போக அனுமதி தந்தார். மடத்துக் கணக்கில் அதற்குப் பெயர் உலாவல்.

வாசலில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு நிற்போம். காவலாளி நல்லவர், வழி தவறி வந்துவிட்டோம் என்று நினைத்து மடத்துக்குப் போகிற பஸ்சைக் காட்டுவார். மானேஜரின் கார் வந்தால் ஹில்டா கம்பைத் தூக்கி, "மருந்து குடிச்சியா?" என்று தமிழில் கத்துவார். அவரும் மரியாதையாகத் தொப்பியைத் தூக்கிவிட்டுப் போவார். போன வாரம் லோடு ஏற்றிய லாரி ஒன்று எங்களை உரசிக்கொண்டு துறைமுகத்துக்குப் புறப்பட்டது. எங்கே போகிறது என்று காவலாளியிடம் கேட்டேன். "இந்தியாவுக்கு. உங்கள் ஊருக்குத்தான்!" என்று சந்தோஷமாகச் சொன்னார். அது போகிறது. நான் நாற்காலிப் பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஹில்டா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை, என் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் பார்த்தேன், என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.