பயிற்சிக்குப் போகலாமா என்று கேட்ட சகோதரிக்கு

இந்த ஊரில் ஒரு குழந்தையைப் பார்த்தால் முதலில் பெயரைக் கேட்க மாட்டார்கள். எந்தக் கிழமையில் பிறந்தது என்றுதான் கேட்பார்கள். நான் ரங்கூனில் கப்பல் இறங்கி இன்சீனுக்குக் குடிவந்த முதல் வாரம், எதிர்வீட்டு மா மியா வேலியருகே நின்று, என் இடுப்பிலிருந்த குழந்தையைக் காட்டி என்னவோ கேட்டாள். ‘தமீ’ என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. “ஆமாம், தமிழ்தான்” என்றேன். அவள் மறுபடியும் கேட்டாள். “தமிழ், தமிழ். நாகப்பட்டணம்” என்று நானும் மறுபடியும் சொன்னேன். ரயில்வே பட்டறையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த என் கணவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். பர்மிய பாஷையில் தமீ என்றால் மகளாம். எந்தக் கிழமை மகள் என்று அவள் கேட்டிருக்கிறாள். எனக்கு நட்சத்திரம் தெரியும், கிழமை தெரியவில்லை. அவர் யோசித்துத் திங்கள் என்றார். திங்கட்கிழமைக் குழந்தைக்கு இன்ன எழுத்தில்தான் பெயர் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அன்றிலிருந்து என் தையல்நாயகிக்கு எதிர்வீட்டில் ‘கின்’ என்று பெயர். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஏழாம் வகுப்பு வரை படித்தவர், கணவரை இழந்தவர். உபாத்தியாயினிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. நான்கு வயதுக் குழந்தையைத் தமக்கையிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். “அந்தப் படிப்பை முடித்தவர் நீங்கள். எனக்கு அது ஏற்றதா என்று உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார். இங்கேயும் இதே கேள்வியோடு இரண்டொருவர் என்னிடம் வந்திருப்பதால், எல்லோருக்குமாகப் பத்திரிகை வழியாகவே எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லத்தான் என்னால் முடியும்.

என் கணவர் பட்டறையில் டைம்கீப்பராக இருந்தார். ஒரு மழைக்காலத்தில் வாந்திபேதி கண்டு மூன்றே நாளில் போய்விட்டார். தையலுக்கு அப்போது ஐந்து வயது. காரியங்கள் முடிந்த பதினைந்தாம் நாள் ஊரிலிருந்து அண்ணன் கடிதம் வந்தது. “உடனே கப்பலேறி வந்து சேர். வீட்டில் ஒரு மூலையில் இருந்துகொள். உனக்கும் குழந்தைக்கும் சோறு போட எனக்குத் தெம்பிருக்கிறது.” அன்பாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் அந்த மூலை எது என்று எனக்குத் தெரியும். அடுப்படிக்கும் நெற்குதிருக்கும் நடுவில் இருக்கும் இடம் அது. என் பெரியம்மா முப்பது வருடம் அங்கேதான் இருந்தாள். விடியுமுன் கிணற்றடிக்குப் போய், யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பிக் குறுக்கே வந்துவிடுவார்களோ என்று பயந்து பயந்து திரும்புவாள். இங்கேயோ, அவர் போன மறுநாளே மா மியா உள்ளே வந்து என்னைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வெள்ளைச் சேலையோடு சந்தைக்குப் போனபோது ஒருவரும் ஒதுங்கி நிற்கவில்லை. மீன் விற்கிறவள் என்னைக் கூப்பிட்டு, எப்போதும்போல் அதிக விலை சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

பட்டறைத் தமிழர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கென்று ஒரு சிறிய தமிழ்ப் பள்ளி நடத்தி வந்தார்கள். அதன் நிர்வாகம் பார்த்தவர் தலைமைக் குமாஸ்தா சவரிமுத்து. பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்க வேண்டும், அதற்குச் சர்டிபிகேட் உள்ள உபாத்தியாயினி வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தவர், நான் மிஷன் பள்ளியில் படித்தவள் என்று கேள்விப்பட்டு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

“மோல்மேன்ல ரெண்டு வருஷம் டிரெயினிங்கும்மா. சாப்பாடு, தங்கல் எல்லாம் பள்ளிக்கூடமே பாத்துக்கும். முடிச்சிட்டு வந்தா இங்க வேலை உங்களுக்குத்தான்.”

“குழந்தையைக் கூட்டிட்டுப் போலாங்களா?”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “அதான் இல்லீங்கம்மா. விடுதியில குழந்தைங்களச் சேக்க மாட்டாங்க.”

யோசித்துச் சொல்ல ஒரு வாரத் தவணை கேட்டேன். அந்த ஏழு நாளில் ஒருநாள் அண்ணனுக்கு வருகிறேன் என்று எழுதினேன். மறுநாள் கிழித்துப் போட்டேன். என்னைத் தீர்மானிக்க வைத்தது மா மியாதான். அவளுக்கும், பட்டறையில் தச்சு வேலை பார்த்த அவள் புருஷன் கோ தினுக்கும் பிள்ளை இல்லை. தையல் பாதி நாள் அவர்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அக்கம்பக்கத்தில் பொறுக்கிய தமிழில் மா மியா சொன்னாள்: “நீ போ அக்கா. கின் எங்கிட்ட இருக்கும்.”

“ரெண்டு வருஷம்.”

“ரெண்டு வருஷம் சின்னது.”

“வந்ததும் திருப்பிக் குடுத்துடணும்.”

அவள் முகம் வாடிவிட்டது. நான் அவளை நம்பவில்லை என்று நினைத்துவிட்டாள். புத்தர் கோயிலான பகோடா இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பி, “குடுப்பேன்” என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டேன்.

மர்த்தபான் வரை ரயில், பிறகு ஆறு கடக்க ஸ்டீமர். மோல்மேனில் முதல் மூன்று மாதம் நான் பாடத்தைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்த்தேன். தையல் சாப்பிட்டாளா, தலைக்கு எண்ணெய் வைத்தார்களா என்பதே யோசனை. நான்காவது மாதம் மாதிரி வகுப்பில் பாடம் நடத்தச் சொன்னார்கள். முப்பது பெண்குழந்தைகள், பின்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு மேற்பார்வை ஆசிரியை. கழித்தல் கணக்கு. கடன் வாங்கிக் கழிப்பது ஒரு தெலுங்குக் குழந்தைக்கு ஏறவேயில்லை. அவள் கையில் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்லி, ஒரு குவியலை அவளையே உடைக்க வைத்தேன். அவள் கண் விரிந்ததை நான் பார்த்தேன். மணி அடித்த பிறகுதான், அந்த முக்கால் மணி நேரமும் என் பெண்ணை நான் நினைக்கவேயில்லை என்று தெரிந்தது. கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக் கழுவி நின்றேன். என் நோட்டில் ஆசிரியை எழுதியிருந்தது ஒரே வரிதான்: “உங்களுக்கு இது பிறவியிலேயே வந்திருக்கிறது.” அதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் வருடம் முடிந்து கோடை விடுமுறைக்கு வந்தேன். தையல் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள், அது உண்மை. ஆனால் கன்னத்தில் தனகாச் சாந்து பூசி, காலை முட்டும் பர்மியப் பாவாடை கட்டி, கொண்டையில் பூ வைத்து ஓடிவந்தாள். மா மியாவை ‘அமே’ என்று கூப்பிட்டாள். அமே என்றால் அம்மா. நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் பர்மிய பாஷையில் பதில் சொன்னாள். சாயங்காலம் நம் வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தேன். தூணைக் கட்டிக்கொண்டு “ம துவா பூ” என்றாள். போக மாட்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். அதற்கு யாரும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மா மியா அவளைக் கோபித்துக்கொண்டாள், ஓர் அடிகூட வைத்தாள், பிறகு தானே அழுதாள். அந்த மாதம் முழுவதும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி, தோசை வார்த்துக் கொடுத்து, கடைசி வாரத்தில்தான் தையல் என் பக்கத்தில் படுக்கச் சம்மதித்தாள்.

அந்த வாரத்தில் சவரிமுத்துவிடம் போனேன். “பாதியில நிறுத்திடலாம்னு பாக்கறேங்க” என்றேன்.

அவர் என்னை வற்புறுத்தவில்லை. “உங்க இஷ்டம்தாம்மா. விட்டா அந்த இடம் திரும்பக் கிடைக்காது. ஆனா அதுக்காகச் சொல்லல. நீங்களே யோசிச்சுப் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

சகோதரி, இந்த இடத்தை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். முதல் தடவை போனபோது எனக்கு ஒன்றும் தெரியாது. வயிற்றுக்காகப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஊரும் ஒப்புக்கொள்ளும். இரண்டாம் தடவை எல்லாம் தெரிந்தே போனேன். இன்னும் ஒரு வருடம் போனால் என்ன ஆகும் என்பதை அந்தத் தூணருகில் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன். வயிற்றுக்கு வழியில்லாமல் இல்லை. பட்டறைக் குடும்பங்களுக்குத் தைத்துக் கொடுத்துக் காலம் தள்ளியிருக்கலாம். அந்த வகுப்பறை எனக்கு வேண்டியிருந்தது. அந்தத் தெலுங்குக் குழந்தையின் கண் விரிந்ததை இன்னொரு முறை பார்க்க வேண்டியிருந்தது. ரயில் நகரும்போது தையல் மா மியாவின் தோளில் இருந்தாள். இந்தத் தடவை அவள் அழவில்லை.

பயிற்சி முடித்துச் சர்டிபிகேட்டோடு வந்தேன். மா மியா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். நான் வந்த அன்றே தையலின் துணிகளை மடித்து ஒரு கூடையில் வைத்து, அவளைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து என் வீட்டில் விட்டாள். படியில் நின்று, “குடுத்தாச்சு அக்கா” என்றாள். பிறகு பத்து நாள் அவள் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. குழந்தை மனம் மாறிவிடக் கூடாது என்று தன் வாசல் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். தையல் முரண்டு பிடிக்கவில்லை. சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள், போட்டதில் நாலு பருக்கை தின்றாள். சன்னல் வழியே அந்தச் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழாம் நாள் காய்ச்சல் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை என்றார். பதினோராம் நாள் காலை நானே கூடையை எடுத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துத் தெருவைத் தாண்டி, அந்தக் கதவைத் தட்டினேன்.

மா மியா கூடையைப் பார்த்துப் பின்வாங்கினாள். “நான் கூப்பிடல அக்கா. சத்தியமா நான் கூப்பிடல” என்றாள்.

“தெரியும்” என்றேன். கூடையைப் படியில் வைத்து, தையலின் கையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

இப்போது தையலுக்கு ஒன்பது வயது. புதிதாகத் திறந்த பர்மியப் பள்ளியில் படிக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் என்னிடம் வந்து தமிழ் எழுதிப் படிக்கிறாள், மற்றப் பிள்ளைகளைப் போலவே. எழுத்து குண்டு குண்டாக இருக்கும். எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகள் முப்பத்தொரு பேர் ஆகிவிட்டார்கள். அவர்களுடைய தாய்மார் என்னிடம் வந்து, “வீட்ல எங்க பேச்சக் கேக்க மாட்டேங்குதுங்கம்மா, நீங்க சொன்னா கேக்குது” என்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே சரி என்கிறேன்.

இந்தப் படிப்பு உங்களுக்கு ஏற்றதா என்று கேட்டீர்கள். எனக்கு ஏற்றதாகத்தான் இருந்தது. அதனால்தான் என் கதை இப்படி ஆனது. ஏற்றதாக இல்லாதிருந்தால் முதல் கோடையிலேயே திரும்பியிருப்பேன். ஆகவே போக வேண்டாம் என்று உங்களுக்கு எழுத என் கை வரவில்லை. போங்கள் என்று எழுதவும் வரவில்லை. போவதானால், குழந்தை இருக்கும் ஊரிலேயே இடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வருடம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, காத்திருந்து கேளுங்கள். நான் அதைக் கேட்கவேயில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

மழை நின்று, இங்கே தடிஞ்சு என்னும் விளக்குப் பண்டிகை சென்ற வாரம் வந்தது. அன்று பிள்ளைகள் பெற்றோரையும் ஆசிரியரையும் விழுந்து கும்பிடுவது இவர்கள் வழக்கம். மா மியா என்னைக் காலையில் அழைத்திருந்தாள். அவள் பிறந்த ஊரான மாவ்பியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்வரிசையில் பாய் போட்டார்கள். அவர்களில் வயதான ஒரு பெண் என்னைக் காட்டி யார் என்று கேட்டாள். மா மியா வாயெடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தாம்பாளத்தோடு வந்த தையல்தான் பதில் சொன்னாள்: “சயாமா.” ஆசிரியை என்று அர்த்தம். அந்தப் பெண் மரியாதையோடு எனக்குத் தலை குனிந்தாள். நானும் குனிந்தேன். ஒருவரும் திருத்தவில்லை.

பிறகு தையல் முழந்தாளிட்டாள். கோ தினையும் மா மியாவையும் முதலில் கும்பிட்டாள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஆசீர்வாதம் சொன்னார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, நெற்றி தரையில் பட மூன்று முறை கும்பிட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி காத்திருந்தாள். பதிலுக்கு ஆசி சொல்ல வேண்டும். அந்தப் பர்மிய வாசகம் எனக்குத் தெரியாது. “நல்லா இரு கண்ணு. நூறு வயசுக்கு நல்லா இரு” என்றேன். கூடத்தில் யாருக்கும் அது புரியவில்லை. தையல் எழுந்திருக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தாள். புரிந்துதான் இருந்தாளா, நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்று காத்திருந்தாளா, எனக்குத் தெரியவில்லை.